பல் பதிந்த இடம்

நான்கு வயது தன்ஷிகாவுக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கடித்துவிடுவாள். அவள் படிக்கும் மழலையர் பள்ளியில் எஸ்தர் மிஸ் மூன்று வாரங்களாக அவளுக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்து வந்தாள்: “கோவம் வந்தா வாயால சொல்லு, கண்ணு.” அப்படியும் நேற்று அவள் கூடப் படிக்கும் ருத்ரனின் தோளைக் கடித்துவிட்டாள்.

இன்று காலை ருத்ரனின் அம்மா சுபத்ரா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனோடு வகுப்புக்குள் வந்தாள். தன்ஷிகாவின் கையை வெடுக்கென்று இழுத்து, மகனின் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“கடிடா. அப்பதான் இதுக்கு வலின்னா என்னன்னு தெரியும்.”

“விடுங்க மேடம், சின்னக் குழந்தை,” என்றாள் எஸ்தர்.

“நீங்க கொஞ்சிக் கொஞ்சித்தான் இது இப்படி வளந்திருக்கு.”

தன்ஷிகாவின் உதடுகள் நடுங்கின. பற்கள் தெரிந்தன.

“எனக்குக் கோவமா இருக்கு,” என்றாள் குழந்தை, முதல் தடவையாக.

எஸ்தருக்குக் கண் நிறைந்துவிட்டது. சுபத்ரா சிரித்தாள்.

“பேச்சைப் பாரு. டேய், கடிக்கிறியா, இல்ல உனக்கு ரெண்டு போடவா?”

ருத்ரன் அந்தச் சின்னக் கையைப் பார்த்தான். அதை இறுக்கிப் பிடித்திருந்த கையையும் பார்த்தான். பிறகு குனிந்து, அழுதுகொண்டே, அம்மாவின் மணிக்கட்டைக் கடித்தான்.

சுபத்ரா இன்னொரு கையை ஓங்கினாள். அது எந்தக் குழந்தையின் மேல் விழும் என்று எஸ்தருக்குத் தெரியவில்லை. இருவருக்கும் முன்னால் போய் நின்றாள்.