கைராசிக்காரர் தொடாத எஞ்சின்

இரும்பினுள் நெருப்பையும், நெருப்பினுள் இயக்கத்தையும், இயக்கத்தினுள் தன்னையும் ஒளித்துவைத்த எம்பெருமானின் திருவடிகளை வணங்கி இதனைச் சொல்லத் தொடங்குகிறேன்.

வீட்டின் பின்புறக் கொட்டகையில், இரும்புச் சட்டமொன்றின் மீது, பழங்காலத்துப் பாணியில் புத்தம்புதிய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்று வீற்றிருந்தது. ஒற்றைச் சிலிண்டர். கனத்த ஃப்ளைவீல். கடையில் வாங்கியதன்று. பம்புசெட்டுத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் பெண்ணொருத்தி, விடுமுறை நாள்களிலெல்லாம் மணலில் அச்செடுத்து, அலுமினியம் உருக்கி வார்த்து, கடைந்து, தேய்த்துத் தானே செய்தது.

செய்தாயிற்று. கிளம்ப வேண்டுமே?

கிக்கரை உதைத்தாள். கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் வந்தது. மீண்டும் உதைத்தாள். மீண்டும் தும்மல்.

"ஒரு தும்மலுக்கு நூறு ஆயுசும்பாங்க. இது இப்பவே ஆயிரத்தைத் தாண்டிருச்சு" என்றார், நாற்காலியில் சாய்ந்திருந்த அவள் கணவர்.

அவர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். தெருவுக்கெல்லாம் 'கைராசிக்காரர்'. அவர் தொட்டாலே வண்டி கிளம்பிவிடும் என்பார்கள். அவரோ எஞ்சினை விட்டு எட்டி அமர்ந்திருந்தார்.

எஞ்சினை ஏற்றிச்செல்ல லாரியோடு வந்திருந்த கண்காட்சிக்காரர் கொட்டகை வாசலில் நெளிந்தார். "அம்மா, லாரி காத்துக்கிட்டு நிக்குது. ஓடுற எஞ்சினைத்தான் ஏத்தச் சொல்லியிருக்காங்க. ஓடினா மேடை, செஞ்சவங்க பேர் போட்ட பலகை எல்லாம் உண்டு. இல்லேன்னா நான் கிளம்பறேன்."

அந்தப் பலகைக்காகத்தான் அவள் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தாள். 'லேத் ஓட்டினா எஞ்சின் செஞ்சிட முடியுமா?' என்று சிரித்தவர்கள் அத்தனை பேரும் கண்காட்சிக்கு வருவார்கள்.

டார்ச் பிடித்து நின்ற நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணா, எந்திரிச்சு வந்து ஒரு கை குடேன்."

"ஞாயித்துக்கிழமை. எனக்கு லீவு."

"ஊரான் வண்டின்னா பாதிச் சாப்பாட்டுல கையை உதறிட்டு ஓடுவே."

"அது தொழில்."

"சரி, இதுல என்ன கோளாறுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"முதல் தும்மல்லயே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப வாயைத் திறந்து சொல்லு."

"மாட்டேன்."

"பொறாமை" என்றாள் தங்கை. "அண்ணி செஞ்சது ஓடிட்டா கைராசிக்காரர் பட்டம் பறிபோயிடும்னு பயம்."

"அப்படியே வச்சுக்க."

கல்லும் கரையும், இவர் கரையமாட்டார் போலும் என்று கண்காட்சிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரும் எதுவும் சொல்ல வேணாம்" என்றாள் மனைவி. பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குத்தானே பேசலானாள். "பெட்ரோல் வருது. பொறி வருது. அப்புறம் ஏன் வந்த வழியே துப்புது?"

சட்டென்று நிமிர்ந்தாள்.

ஒவ்வொரு முறை வெடிப்பதற்கும் பிஸ்டன் இருமுறை உச்சிக்கு ஏறும். ஒருமுறை காற்றை அமுக்குவதற்கு. மறுமுறை புகையை வெளியேற்றுவதற்கு. அமுக்கும் உச்சியில்தான் பொறி விழ வேண்டும். பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவில், பாயின்ட் எனும் சின்ன இணைப்பு திறக்கும் கணத்தில்தான் அது விழும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, மறுகையால் ஃப்ளைவீலை மெல்லச் சுற்றினாள். உள்ளிருந்த காற்று விரலை முட்டித் தள்ளியது.

"மேக்னெட்டோல வெளிச்சம் அடி. பாயின்ட் திறந்திருக்கா?"

"இல்ல அண்ணி, மூடியிருக்கு."

இன்னொரு சுற்று. பிஸ்டன் உச்சிக்கு ஏறியது. விரலுக்கடியில் காற்றே இல்லை.

"இப்போ?"

"இப்பத்தான் திறக்குது, அண்ணி."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "போச்சு போ. எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவுற நேரத்துல அடுப்பைப் பத்த வச்சிருக்கேன்."

மேக்னெட்டோவின் பல்சக்கரத்தைக் கழற்றி, அரைச் சுற்றுத் திருப்பி மாட்டினாள். நாற்காலியில் இருந்தவர் இப்போது அதன் நுனிக்கு வந்திருந்தார்.

பிளக்கை முடுக்கி, கண்ணை மூடி, ஓர் உதை.

டப்.

டப்... டப்... டப்... டப்...

பலகையில் கிடந்த ஸ்பேனர்கள் குதித்தாடின. கொட்டகைத் தகரம் கூடச் சேர்ந்து தாளம் போட்டது. நாத்தனார் டார்ச்சை எறிந்துவிட்டு, கிரீஸும் கரியுமாக நின்ற அண்ணியைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். லாரிக்காரரை அழைக்கக் குரல் கொடுத்த கண்காட்சிக்காரர், நேரே மெக்கானிக்கிடம் ஓடிச் சென்று அவர் கையைப் பற்றிக் குலுக்கினார்.

"கைராசிக்காரர் வீட்டு எஞ்சின்னா சும்மாவா, சார்? நீங்க இல்லாம இது நடந்திருக்குமா? பலகையில உங்க பேரையே முதல்ல போட்டுடறேன்."

மெக்கானிக் கையை விடுவித்துக்கொண்டு, இரு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார்.

"நல்லாப் பாருங்க, சார், ஒரு பொட்டு கிரீஸ் இருக்கா? நான் ஒரே ஒரு போல்ட்டைத் தொட்டிருந்தாலும் இது என் எஞ்சின்னு ஆக்கிடுவீங்கன்னு தெரிஞ்சுதான், நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

இதனைக் கேட்டவர் இல்லமெல்லாம் அவனருளால் தழைத்தோங்குக. அவரவர் உழைப்பு அவரவர் பெயராலேயே விளங்குக.