வெந்நீர் படக்கூடாத தொப்பி

“அக்கா, இந்தத் தொப்பி மேல சுடுதண்ணி மட்டும் பட்டுடக் கூடாது,” என்றபடியே இளையவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மூத்தவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அண்ணனுக்கு ஒருத்தியும் தம்பிக்கு ஒருத்தியுமாக வாழ்க்கைப்பட்டு, ஒரே வீட்டில் குடியிருந்த அவ்விருவரில், இளையவள் சொல்லி மூத்தவள் கேட்டதாக வரலாறே இல்லை. ஜன்னலைச் சாத்துங்கள் என்றால் அகலத் திறந்து வைப்பாள். உப்பு போதும் என்றால் இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவாள்.

“இது தொப்பியா? தண்ணிக்குடத்துக்கு உறை தைச்ச மாதிரி இருக்கு. குழந்தை உள்ளயே காணாமப் போயிடும்.”

“வளர்ற தலைதானே அக்கா,” என்று சிரித்துவிட்டு, தொப்பியை அழுக்குத்துணிக் கூடையின் மேலேயே வைத்துவிட்டு அவள் வேலைக்குப் புறப்பட்டாள். மாலையில் திரும்பும்போது, நாத்தனாரையும் கைக்குழந்தையையும் ரயிலடியிலிருந்து அழைத்து வருவதாக ஏற்பாடு.

அந்த ஏற்பாடுதான் மூத்தவளின் நெஞ்சை முள்ளாக உறுத்தியது. ஈராண்டுகளுக்கு முன், நினைத்தபோது வந்து தங்க இதென்ன சத்திரமா என்று அவள் ஒரு சொல் சொல்லப்போக, நாத்தனார் அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். ஒரே தங்கையின் முகத்தைக் காணாத கணவர், அதன்பின் மனைவியிடம் அளந்துதான் பேசுகிறார். அறுந்த உறவை ஒட்டவைக்க இப்போது இளையவள் முந்திக்கொண்டாள், குழந்தைக்குக் கம்பளியில் கரடி வேடத் தொப்பி பின்னித் தருகிறேன் என்று. கெட்ட பெயர் ஒருத்திக்கு, நல்ல பெயர் இன்னொருத்திக்கா?

தொப்பிக்கு அடியில் கணவரின் பட்டறைக் கால்சட்டைகள் கிடந்தன. எண்ணெய்க் கறை போக அவற்றை வெந்நீரில்தான் துவைக்க வேண்டும். முன்பொரு முறை அவருடைய கம்பளிச் சட்டையை அப்படித் துவைத்து, அது பொம்மைச் சட்டையாகச் சுருங்கிய கதை வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கூடையில் கிடந்தது, கவனிக்கவில்லை என்றால் தீர்ந்தது. தொப்பியையும் சேர்த்துச் சலவை இயந்திரத்தில் திணித்து, சூட்டைக் கடைசி எண்வரை திருப்பினாள்.

இயந்திரம் கடகடவென்று சுழன்றுகொண்டிருக்கையில் தொலைபேசி ஒலித்தது.

“பெரியண்ணி, நான்தான்.” நாத்தனாரின் குரலில் ஒட்டுதல் இல்லை. “அந்த வாசப்படிய மிதிக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. கப்பல்ல இருக்கிற மனுஷன், பையனைக் கரடித் தொப்பியில பாக்கணும்னு கேட்டுட்டார். அதுக்காகத்தான் வர்றேன். தொப்பி தயாராத்தானே இருக்கு?”

“இருக்கு,” என்றாள் மூத்தவள்.

தொப்பி இல்லையென்றால் அவள் வாசலோடு திரும்பிவிடுவாள். இம்முறை போனால் பிறகு வரவே மாட்டாள். கணவரின் முகத்தில் எப்படி விழிப்பது?

இயந்திரத்தை நோக்கி ஓடினாள். கதவு திறக்கவில்லை, துவைத்து முடிக்காமல் அது திறக்காது. கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பு நிறக் காது ஒன்று மேலே வருவதும் மூழ்குவதுமாக இருந்தது.

ஒருவழியாக வெளியே எடுத்தபோது, தொப்பி பாதியாகச் சுருங்கி, அட்டைபோல் இறுகி, உருக்குலைந்து கிடந்தது. பின்னலின் கண்ணிகள்கூடத் தெரியவில்லை. இழுத்தாள், நீவினாள். கழுவுதொட்டியருகே யாரோ கவிழ்த்து வைத்திருந்த உருண்டைக் கிண்ணம் கண்ணில் பட்டது. அதன்மேல் தொப்பியைப் பிடித்திழுத்து மாட்டி, துவண்ட காதுகளை நிமிர்த்தி, பின்கட்டு முற்றத்தில் உச்சி வெயிலில் கொண்டுபோய் வைத்தாள். தெரியாத சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

மாலையில் வாசலில் குழந்தையின் சிணுங்கல் கேட்டது. கணவர் அதற்கு முன்பே பட்டறையிலிருந்து வந்து, சட்டை மாற்றித் தலைவாரிக் காத்திருந்தார். நாத்தனார் உள்ளே வந்தும் உட்காரவில்லை.

“தொப்பி எங்க?” என்றாள்.

மூத்தவள் வாயைத் திறப்பதற்குள் இளையவள் நேரே பின்கட்டுக்குப் போய்விட்டாள். கிண்ணத்திலிருந்து கழற்றிய தொப்பியோடு திரும்பியவள், அதைக் குழந்தையின் தலையில் மாட்டினாள்.

அளவெடுத்தாற்போல் பொருந்தியது. விறைத்து நின்ற இரு காதுகளுக்கு நடுவே ஒரு குட்டிக் கரடி விழித்தது. கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“கடைச் சாமான் மாதிரி எவ்வளவு கெட்டியா இருக்கு,” என்று வியந்த நாத்தனார், தன்னையறியாமல் நாற்காலியில் அமர்ந்தாள்.

“பெரிசாப் பின்னி, கொதிக்கக் கொதிக்க முரட்டுத் துணியோட துவைச்சாத்தான் கம்பளி இப்படி இறுகும்,” என்றாள் இளையவள். “பின்னினது நான், பக்குவம் பண்ணினது உங்க பெரியண்ணி.”

நாத்தனார் மூத்தவளை ஏறிட்டுப் பார்த்தாள். சற்றுத் தயங்கி, “ராத்திரி தங்கிட்டுப் போகட்டுமா அண்ணி?” என்று கேட்டாள்.

மூத்தவள் வேகமாகத் தலையாட்டினாள். சமையலறைக்குள் போய், பின்னால் வந்த இளையவளின் கையைப் பற்றி, “அப்ப சுடுதண்ணியே படக் கூடாதுன்னு எதுக்குடி சொன்னே?” என்று மெல்லக் கேட்டாள்.

இளையவள் அந்த உருண்டைக் கிண்ணத்தைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

“படணும்னு சொல்லியிருந்தா, செஞ்சிருப்பீங்களா அக்கா?”