துரையின் முழங்கை

துரைக்கு வலது முழங்கையின் உட்பக்கம், எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் இடத்தில்தான் வலி என்று வீராசாமி மூன்றாவது தடவையாகச் சொன்னான். சொல்லும்போதே தன் கையில் அந்த இடத்தைத் தொட்டும் காட்டினான்.

அவன் ஆவடி மைதானத்தில் பட்டாளத்துத் துரைமாரின் கோல்ஃப் மட்டைப் பையைச் சுமக்கிறவன். கேட்டுக்கொண்டிருந்தவர் அம்பத்தூரில் ஒரு சின்ன டிஸ்பென்சரியின் கம்பவுண்டர் எத்திராஜ். யுத்தம் தொடங்கிய புதிதில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டிப் பழகியவர்.

சேரி ஆட்களுக்கு அந்த டிஸ்பென்சரியில் சன்னலுக்கு வெளியேதான் இடம். எந்த நோயென்றாலும் அவர்கள் நீட்டும் சீசாவில் ஒரே சிவப்பு மிக்சர் எட்ட நின்று ஊற்றப்படும். இன்று துரை என்ற சொல் காதில் விழுந்ததும் எத்திராஜ் நாற்காலியை விட்டெழுந்து சன்னலண்டை வந்துவிட்டார்.

எப்போது அதிகமாக வலிக்கிறது என்று விசாரித்தார். எதையாவது இறுக்கிப் பிடித்தால் வலிக்கிறது, மணிக்கட்டைத் திருப்பினால் வலிக்கிறது, துணி பிழியும்போது உயிரே போகிறது என்றான் வீராசாமி.

"துரை எதுக்குடா துணி பிழியறாரு?"

வீராசாமி சட்டென்று தன் இடுப்புத் துண்டைத் தொட்டுக் காட்டினான். "வேர்வைத் துண்டுங்க, ஆண்டே. ஆட்டத்துக்கு நடுவுல நனைச்சுப் பிழிஞ்சி மூஞ்சி தொடைச்சிக்குவாரு."

"அதைக்கூட அவர்தான் பிழியணுமா? நல்ல ஆளா பாத்துதான் வெச்சிகீறாரு" என்று எத்திராஜ் சிரித்தார்.

பட்டாளத்து டாக்டர் இருக்கும்போது இங்கே எதற்கு என்று அடுத்துக் கேட்டார். டாக்டருக்குத் தெரிந்தால் ஆடக்கூடாது என்று எழுதிவிடுவார், அதனால் இது யாருக்கும் தெரியக்கூடாது என்று வீராசாமி சொன்னான். எத்திராஜுக்கு அது நியாயமாகப் பட்டது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மட்டையை ஓங்கி ஓங்கி அடிக்கிறவர்களுக்கு வருகிற நோவுதான் இது, நரம்பு புண்ணாகியிருக்கிறது, மூன்று வாரம் மட்டையைத் தொடவே கூடாது என்றார்.

வீராசாமி சன்னல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டான். வேறொரு நாளாக இருந்தால் அதற்கே அடி விழுந்திருக்கும்.

"மூணு வாரம் தாங்காது, ஆண்டே. திங்கக்கெழமைக்குள்ள கை சரியாவலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அப்பால எங்க ஊட்ல அடுப்பு எரியாது."

"துரைக்குக் கை நொந்தா நீ இன்னாடா இப்பிடி அழுவுற?" என்றார் எத்திராஜ். திங்கட்கிழமை ஏதோ பந்தயம்போல, அதில் துரை இல்லையென்றால் பை சுமக்கிறவனுக்கு மட்டும் ஏது பிழைப்பு என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

பிறகு பொறுமையாகவே விளக்கினார். சுடுஎண்ணெய் ஊற்றி முரட்டுத்தனமாக நீவினால் கை இன்னும் கெடும். இரண்டு நாளைக்கு நனைத்த துணி போட்டுக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும், அதன்பிறகு வெதுவெதுப்பாக ஒத்தடம். மூட்டுக்கு நாலு விரற்கடை கீழே அழுத்தமாகக் கட்டு. காலையில் கையை நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களை மறுகையால் மெள்ளப் பின்னுக்கு வளைக்க வேண்டும், வலிக்குமுன் விட்டுவிட வேண்டும்.

ஆடித்தான் ஆகவேண்டும் என்றால் என்று வீராசாமி இழுத்தான். அப்படியானால் முதலில் தோளையும் கையையும் உதறிச் சூடேற்றிக்கொள்ளட்டும், மெலிந்த பிடியை இறுக்கிப் பிடிப்பதுதான் கேடு, பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கு, சுருக்கென்றால் அன்றைக்கு அதோடு நிறுத்து என்றார். வீராசாமி உதடு அசைய ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொண்டான்.

எத்திராஜ் அலமாரியின் மேல்தட்டைத் திறந்தார். தக்கை போட்ட புதுச் சீசாவில் தைலமும், சுருள் கலையாத வெள்ளைக் கட்டுத்துணியும் சன்னல் வழியாக வந்தன.

"கம்பவுண்டர் எத்திராஜ் குடுத்தாருன்னு துரைகிட்ட பேர் சொல்லணும். என் தம்பி ஒருத்தன் வேலையில்லாம கீறான், அதையும் காதுல போட்டு வை. ரெண்டு நாள்ல கை சரியாவலைன்னா நானே காம்ப்புக்கு வந்து பாக்கறேன்."

வீராசாமி சீசாவையும் துணியையும் அவசரமாக மடியில் கட்டிக்கொண்டான். வரவேண்டாம், கட்டாயம் சரியாகிவிடும் என்று கும்பிட்டுவிட்டு நடந்தான். தெரு திரும்பியதும் ஓடினான்.

ஆவடிப் பக்கம் போகவில்லை. கள்ளிக்குப்பத்தில் தன் குடிசைக்குள், செங்கல் அச்சை அடித்து அடித்துக் கை வீங்கி ஒன்பது நாளாகச் சூளைக்குப் போகாத பெண்சாதியின் எதிரில் மூச்சிரைக்க உட்கார்ந்து, சீசாத் தக்கையைப் பல்லால் பிடுங்கினான்.

"துரைக்கு நோவுன்னு பொய் சொல்லி வாங்கியாந்தேன், கையை நீட்டு வேம்புலி."