எடை குறைந்த பெட்டி

அன்று காலை கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். சுவர்ப் பல்லியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலாவது, கடைக்காரன் கலைச்செல்வன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை போட்டு ஏழு மாதம். இரண்டாவது, மெக்கானிக் நந்தினி. மூன்றாவது, அரியலூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் கமலவேணி. கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்க ஐந்து கம்ப்யூட்டர் கேட்டு வந்திருந்தார். கடைக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர். இது கைநழுவினால் அடுத்த மாதம் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அது கலைச்செல்வனுக்கு மட்டுமே தெரியும்.

நான்காவது, எறையூர் அய்யம்பெருமாள். கரும்பு ஆலை எடைமேடையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவரால்தான் வம்பு.

"மருமவ வூட்லயே டைப் அடிச்சுக் குடுக்குது தம்பி. பம்புசெட்டு மோட்டாருங்க ஓடுற நேரம் கரண்டு ஏறி எறங்கி, உள்ள இருந்த கரண்டுப் பொட்டி பொகஞ்சு போச்சு."

"எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும்யா. நம்மகிட்ட எட்டு இருக்கு. எட்டும் ஒரே கம்பெனி, ஒரே வெலை, அறுநூத்தம்பது."

"எட்டையும் எடுங்க."

"எட்டும் வேணுமா?"

"பாக்கணும்."

பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தார். முதல் பெட்டியைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்.

"கத்திரிக்கா வாங்க வந்தாரா?" என்று கமலவேணி நந்தினியின் காதில் கேட்டார்.

கலைச்செல்வன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "நல்லதுதான்யா. இதை எடை பாத்துத்தான் வாங்கணும். கனமா இருந்தா உள்ள சரக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம். நானே கையில தூக்கிப் பாத்துத்தான் எடுத்தேன்."

"அப்படிங்களா" என்றார் அய்யம்பெருமாள். நிறுத்ததை இரண்டு விரல்மேல் வைத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அட்டையில் ஏதோ போட்டார்.

"புது டப்பா மேல கிறுக்காதீங்கய்யா!"

"பென்சில்தான் தம்பி. வேணாம்னா அழிச்சுக்கலாம்."

அரை மணி நேரம் ஆனது. கலைச்செல்வன் கமலவேணிக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தான். சும்மா நின்ற நந்தினி பேச்சுக் கொடுத்தாள்.

"ஆலையில ஒவ்வொரு கரும்பாவா நிறுப்பீங்க?"

"வண்டியோடதான்மா. கட்டுக்கு நடுவுல கல்ல வச்சுக் கட்டிட்டு வர்ற வண்டியும் வரும்."

"அய்யோ! புடிச்சுக் குடுத்துடுவீங்களா?"

"நாலு பேரு நிக்கற எடத்துல மானத்த வாங்கிட்டா, அப்பறம் அவன் தல நிமிர வேணாமா? சீட்டுல ஒரு சுழி போட்டு அவன் கையில குடுப்பேன். அடுத்த நடைக்குக் கல்லு இருக்காது."

எட்டாவது பெட்டியையும் நிறுத்தார். யோசித்தார். கடைசியில் மூன்றாவது பெட்டியை எடுத்துக்கொண்டார்.

கலைச்செல்வனுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, எட்டுலயே எடை கம்மி அதுதான். அதே வெலைக்குக் கனமானதா எடுத்துக்கங்க."

"பஸ்ஸுல தூக்கிட்டுப் போகணும்ல தம்பி. இது போதும்."

கமலவேணி வாய்விட்டே சிரித்துவிட்டார். "அர மணி நேரம் நிறுத்துட்டு, லேசானதைத் தூக்கிட்டுப் போறாரே! இவருகிட்ட நிறுத்த கரும்பெல்லாம் என்ன கதியாச்சோ!"

அய்யம்பெருமாளும் கூடவே சிரித்தார். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டேகால் பஸ்ஸுக்கு நடந்தார்.

"தம்பி, கனமான அஞ்சையும் என் கம்ப்யூட்டருக்கே போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை வகுப்பு" என்று முன்பணம் கொடுத்துவிட்டுக் கமலவேணியும் கிளம்பினார்.

கலைச்செல்வன் முணுமுணுத்துக்கொண்டே ரப்பரைத் தேடி எடுத்தான். முதல் பெட்டியில் ஒரு சுழி இருந்தது. அடுத்ததிலும் ஒன்று. இரண்டு பெட்டிகளில் ஒன்றும் இல்லை. ஏழில் ஐந்துக்குச் சுழி. அந்த ஐந்தும்தான் கனமானவை.

"அண்ணே, அழிக்காதீங்க!"

நந்தினி ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே பாதி இடம் காலி. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் தகட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மற்ற நான்கிலும் அதே தகடு. சுழி இல்லாத இரண்டையும் திறந்தாள். தகடு இல்லை, சரக்கு நிறைந்திருந்தது.

கலைச்செல்வன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வார்த்தை போதும், கமலவேணி எழுந்து போயிருப்பார். அதை அந்த மனிதர் வாய்க்குள்ளேயே வைத்து, கேலியையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"மூடிட்டு, சுழிய அழிச்சுட்டா யாருக்கும் தெரியாதுண்ணே" என்றாள் நந்தினி, அவன் முகத்தையே பார்த்தபடி.

கையிலிருந்த ரப்பரைப் பார்த்தான். அதை மேஜைக்குள் போட்டு மூடினான். சாயங்காலம் அரியலூருக்குப் போன் போட்டான்.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு கம்ப்யூட்டர்தான் வரும். மூணு அடுத்த வாரம்."

"கனமா அஞ்சு இருந்துச்சே தம்பி?"

"சரக்கு குடுத்தவன் அந்த அஞ்சுலயும் இரும்புத் தகடு வச்சு ஏமாத்தியிருக்கான்க்கா. நானும் ஏமாந்துட்டேன். அந்தப் பெரியவருதான் கண்டுபுடிச்சாரு. வேணாம்னா முன்பணத்த வாங்கிக்கங்க."



"ரெண்டையே கொண்டாங்க தம்பி. அப்படியே அந்தத் தராசு எங்க கெடைக்கும்னும் கேட்டு வைங்க."

சுழி போட்ட ஐந்தையும் அவன் இறக்கிவிட்டான். அலமாரியில் மீதி இருந்தது இரண்டு.