அரியமுத்து தூக்காத கை

பால் சொசைட்டிக் கொட்டகையில் நூற்றுப்பத்துக் கைகள் கூரையைக் குத்திவிடுகிற மாதிரி நிமிர்ந்து நின்றன. அரியமுத்துவின் கை இரண்டும் மட்டும் மடியில் பூனைக்குட்டிபோலச் சுருண்டுகிடந்தன.

ஊர்த்தலைவர் அரங்கநாதனுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. ஊர்ப்பொது முந்திரித் தோப்பை மச்சான் வைத்திலிங்கத்துக்குப் பத்து வருசக் குத்தகைக்கு விடவேண்டும் என்று அவர் வீட்டம்மா மூணு வேளையும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அங்கே உதிர்ந்த கொட்டை பொறுக்கி, சருகு அரித்து அடுப்பெரிக்கிற பாதி ஊருக்கு அதில் இஷ்டமில்லைதான். ஆனால் தலைவர் முன்னால் தும்மக்கூட ஆளில்லை.

ஊர் வழக்கம் ஒன்றுதான் இடைஞ்சல். அத்தனை பேர் சம்மதமும் வேண்டும். ஒரு கை குறைந்தாலும் தீர்மானம் இல்லை.

"என்ன அரியமுத்து, கையைக் கடன் குடுத்துட்டியா?"

"இல்லீங்க. மெட்ராஸ் டாக்டரு தூக்கக்கூடாதுன்னுட்டாரு."

தை பிறந்த கையோடு அரியமுத்துவுக்கு இருதய ஆபரேசன் ஆகியிருந்தது. சட்டைப் பித்தானைக் கழற்றிக் காட்டினான். தொண்டைக்குழியிலிருந்து வயிறுவரை ரயில் தண்டவாளம் போட்டமாதிரி தையல். அரியலூர் ஸ்டேசனில்கூட அவ்வளவு நேராகத் தண்டவாளம் கிடையாது.

"நெஞ்செலும்பை ரெண்டா அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. எலும்பு ஒட்டுற வரைக்கும் குடம் தூக்கக்கூடாது, தண்ணி எறைக்கக்கூடாது, தோளுக்கு மேல கை போகக்கூடாது."

பக்கத்தில் நின்ற அவன் பெண்டாட்டி வேம்பு, நெற்றியில் விழுந்த அவன் முடியை ஒதுக்கிவிட்டாள். "தலைசீவி விடுறது, தலைப்பா கட்டிவிடுறது எல்லாம் நாந்தாங்க."

அரங்கநாதன் ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி, இங்கிலீஷ் எழுத்தைத் தலைகீழாகப் பிடித்து, முழுசாகப் படித்துமுடித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்தார். கூட்டம் அடுத்த அமாவாசைக்குத் தள்ளிப்போனது.

பங்குனி அமாவாசையிலும் அதே கொட்டகை, அதே மடி, அதே பூனைக்குட்டிகள்.

"நான் தூக்கிவிடுறேன்ப்பா" என்று எழுந்தார் வைத்திலிங்கம்.

"தூக்குங்க. நெஞ்சு தெறந்துக்கிட்டா உள்ளேயிருந்து விழுறத அள்ளுறதுக்கு ஒரு துண்டு கொண்டாந்துருங்க."

வைத்திலிங்கம் உட்கார்ந்துவிட்டார்.

"சரி, வாயால சம்மதம்னு சொல்லித் தொலை!" என்றார் அரங்கநாதன்.

"அது எப்படிங்க? போன வருசம் ஆண்டாயி கையைத் தூக்கிப்புட்டு அப்புறம் 'வேணாம் வேணாம்'னு கத்துனப்ப, 'வாய் செல்லாது, கைதான் கணக்கு'ன்னு சொன்னது நீங்கதானே?"

கொட்டகையின் பின்வரிசையில் ஆண்டாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அரங்கநாதன் விட்ட பெருமூச்சில் கூரைக் கீற்று நாலு பறந்து ஜெயங்கொண்டம் சந்தையில் விழுந்ததாகப் பேச்சு.

ஒரு மாதம் அவர் தூங்கவில்லை. சித்திரை அமாவாசைக்கு முதல்நாள் சவரம் பண்ணிக்கொண்டிருக்கும்போது மூளையில் பளிச்சென்று ஒன்று உதித்தது. பாதிச் சவரத்தோடு எழுந்து மச்சான் வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள் அரியமுத்து தனியாகத்தான் வந்தான். வேம்பு, மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் பூலாம்பாடி போய்ப் பத்து நாள் ஆகிறது. கோபுரம் மாதிரி மூணு சுற்றுத் தலைப்பாவோடு வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் படுக்கவைத்தான்.

அரங்கநாதன் வெற்றிலையை நிதானமாக மென்று துப்பினார்.

"இந்த வாட்டி மாத்திக் கேக்கறேன். தோப்பை விட வேணாங்கறவங்க மட்டும் கை தூக்குங்க. தூக்காதவங்க எல்லாம் சம்மதம்!"

ஒரு கையும் எழவில்லை. ஈ ஒன்று பால் கேனைச் சுற்றுவது ஊர் எல்லைவரை கேட்டது. ஆண்டாயி கையை முந்தானைக்குள் முறுக்கிக்கொண்டாள்.

அரங்கநாதன் அரியமுத்துவைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "பாவம், ஒனக்குத்தான் கை தூக்கக்கூடாதே. ஒன் சம்மதத்தையும் எழுதிக்கிடவா?"

அரியமுத்து எழுந்தான். வேட்டியை உதறிக் கட்டினான். வலது கை தோளைத் தாண்டியது, காதைத் தாண்டியது, தலைப்பாவையும் தாண்டி மேலே போனது. கூரையில் தூங்கிக்கொண்டிருந்த பல்லி பதறி ஓடியது. போதாதென்று இடது கையையும் துணைக்கு அனுப்பினான்.

"ஐயய்யோ, நெஞ்சு! நெஞ்சு!" வைத்திலிங்கம் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

நெஞ்சிலிருந்து ஒன்றும் விழவில்லை. ஆண்டாயியின் கைதான் எழுந்தது. பிறகு கொளஞ்சியின் கை, மதுரைவீரன் கை. கண்ணை மூடித் திறப்பதற்குள் கொட்டகை முழுக்க மழைக்காளான்போலக் கைகள்.

அரங்கநாதன் பதறி எழுந்தார். "யோவ்... ஒன்னால தூக்கத்தான் முடியாதே..."

அரியமுத்து தூக்கிய கையாலேயே தலைப்பாவை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

"வேம்புதான் ஊர்ல இல்லையே, இத யாரு கட்டுனான்னு நெனச்சீங்க தலைவரே?"