ஆறு வெள்ளிக்கிழமைகள்

அருங்காட்சியகத்துக் கழிப்பறையில் வெல்டர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து இது மூன்றாவது. வாசலை மறைத்து நின்ற ஒல்லி நண்பன் ஒட்டடைக்குச்சி, காவலாளி திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் காரணமில்லாமல் சிரித்து, இருந்த சந்தேகத்தை இரண்டு மடங்காக்கிக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் வாடா மாப்ள! விட்டா நம்மளையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிடுவாங்க."

"பட்டன் மாட்ட மாட்டேங்குதுடா."

"கல்யாண மாப்பிள்ளைகூட இத்தனை சட்டை மாத்த மாட்டான்" என்றான் மேனேஜர். அவன் எதற்கும் மேனேஜர் இல்லை. எந்த வேலையையும் தொடாமல் தள்ளி நின்று யோசனை மட்டும் சொல்வதால் அறைத் தோழர்கள் வைத்த பெயர். இன்றைய யோசனையும் அவனுடையதே.

வெல்டர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அடுத்து கிடைத்தது, நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் ஆறு வார வேலை. விடிந்தால் படகு. அதை விட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

மேடையில் ஃபோன் வைத்துக்கொள்ளக் கூடாது. அதைக்கூடச் சமாளிக்கலாம், அம்மாவை எப்படிச் சமாளிப்பது? அப்பாவைக் கொண்டுபோனது கடல். தண்ணியில கால் வைக்க மாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் அவன் விமானமே ஏறியிருந்தான்.

அம்மாவுக்கு ஃபோனில் பேச வராது. 'ஹலோ' சொல்வதற்குள் அழுதுவிடுவாள். அதனால் தாய்க்கும் மகனுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் போட்டோப் பண்டமாற்று. இங்கிருந்து ஒன்று போகும், அங்கிருந்து ஒன்று வரும். ஒரு வாரம் தவறினாலும் அம்மாவுக்குச் சோறு இறங்காது. ஆகவே ஆறு இடம், ஆறு சட்டை, ஒரே பகல். ஊரில் இருக்கும் அக்காவிடம் மொத்தமாக அனுப்பிவிட்டால், வாரம் ஒன்றாக அம்மாவிடம் காட்டிவிடுவாள்.

"முகத்தைக் கழுவுடா" என்றான் மேனேஜர். "இது மூணாவது வாரம். இன்னும் ரெண்டாவது வாரத்து வேர்வை ஓடிட்டிருக்கு."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உருகிய தார் செருப்பைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. மணிக்கூண்டுக்கு ஓடி, நான்காவது சட்டையில் சிரித்து, படமும் எடுத்த பிறகுதான் ஒட்டடைக்குச்சி அலறினான்.

"டேய், பின்னாடி பலகையில இன்னிக்குத் தேதி எரியுது!"

இருவரும் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் மணிக்கூண்டின் கட்டடக் கலையைப் பார்த்தான்.

அந்தப் படத்தை அழித்துவிட்டு, அதே சட்டையில் பாலத்துக்கு ஓட்டம். பாலம் அழகுதான், ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் தோளுக்குப் பின்னால் கடல் எட்டிப் பார்த்தது. "கடல் தெரியாம எடுடா" என்று வெல்டர் கெஞ்ச, ஒட்டடைக்குச்சி தரையில் மல்லாந்து படுத்து வானத்தோடு சேர்த்து எடுத்தான். வெந்த முதுகைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான்.

"இந்த ஊருக்கு வந்ததுலேருந்து இன்னிக்குத்தான்டா சுத்திப் பாக்கறோம்."

"எங்கடா பாத்தோம்? போட்டோதான் எடுத்தோம்" என்றான் மேனேஜர்.

பஸ்ஸில் வெல்டரால் உட்கார முடியவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், ஃபோனைத் திறந்து அம்மாவின் படத்தைப் பார்த்தான், மூடினான், மறுபடி திறந்தான். "சத்தியத்தை மீறிட்டேன்னு தெரிஞ்சா அம்மா தாங்க மாட்டாங்கடா."

ஒட்டடைக்குச்சி ஃபோனைப் பிடுங்கிப் படங்களைத் தள்ளிப் பார்த்தான். "அம்மா ஜோராத்தான் இருக்காங்க. வாரத்துக்கு ஒரு புடவை! இந்தப் பூனைதான் சுத்தச் சோம்பேறி. வாரக்கணக்கா அதே வாசப்படியில, அதே மாதிரி சுருண்டு கெடக்கு."

"நம்ம ரூம்லயும் ஒண்ணு கெடக்கு" என்று மேனேஜரைப் பார்த்தான் வெல்டர். அன்று அவன் சொன்ன ஒரே ஜோக் அது. அதற்கு அவனே சிரிக்கவில்லை.

மலர்த் தோட்டம், நீரூற்று என்று வெயில் சாய்வதற்குள் ஆறும் முடிந்தன. ஆறாவது சட்டையும் தொப்பலாகிவிட்டது. நீரூற்றுத் திட்டில் உட்கார்ந்து, படங்களை அனுப்பிவிட்டு, அக்காவுக்கு ஃபோன் போட்டான். படகு, மேடை, சத்தியம், சட்டைகள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினான்.

"வாரம் ஒண்ணா காட்டுக்கா. வரிசையை மாத்திடாத."

ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றினான்.

"திட்டறதுன்னா திட்டிடுக்கா. ஆனா அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத."

"திட்டலைடா. படத்தைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றாள் அக்கா. "அம்மா கண்டுபிடிச்சுடுவாங்கடா தம்பி."

"சான்ஸே இல்லக்கா! சட்டை வேற, இடம் வேற. எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"அவங்களும் எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்துக் குடுத்துட்டுத்தான்டா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க."