ஐந்து சாளை மீன்

ரோஸ்லின் ஐந்து சாளை மீனை இரண்டு நாளைக்கு வருமாறு குழம்பு வைத்திருந்தாள். மத்தியானம் கணவன் செல்வின், பாஸ்டரையும் ஜெபக்குழு ஆட்கள் மூன்று பேரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். இந்த மாதம் இது மூன்றாவது தடவை.

"ஒரு போன் போட்டுச் சொல்லக்கூடாதா?" என்று அடுக்களையில் கேட்டாள்.

"கர்த்தர் பாத்துக்குவார்."

"கர்த்தரா வந்து அடுப்புல நிக்கார்?"

அவன் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனான். ரோஸ்லின் குழம்பில் புளித்தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, வந்தவர்களுக்கும் அவனுக்கும் ஆளுக்கொரு மீன் வைத்தாள். மகள் ஜெபாவின் தட்டில் வெறும் குழம்புதான் விழுந்தது. ஏழு வயதுப் பிள்ளை, அப்பாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்களே ஜெபம் பண்ணுங்கம்மா" என்றார் பாஸ்டர். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"பரலோகப் பிதாவே, ஸ்தோத்திரம்" என்று ரோஸ்லின் வழக்கம்போல்தான் ஆரம்பித்தாள். ஆனால் அடுத்த வார்த்தை வேறாக வந்தது. "மீன் அஞ்சுதான் இருந்துச்சுன்னு உமக்குத் தெரியும். எனக்கும் எம்பிள்ளைக்கும் இல்ல. வாரவங்களை நான் வேண்டாம்னு சொல்லல. முன்கூட்டிச் சொல்லுற புத்தியை எங்க வீட்டுக்காரருக்குத் தாரும். நான் சொல்லி அவர் கேக்கல. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. ஜெபா மட்டும் அப்பாவின் தட்டிலிருந்த மீனை எடுத்து, பாதியைப் பிய்த்து அம்மாவிடம் நீட்டினாள்.